சங்கிலியும் செயற்கைக்கோளும்: கடத்தூரிலிருந்து சில குறிப்புகள்

செயற்கைக்கோள் வரைபட மென்பொருள் வியாபாரத்துக்கு உகந்த நடைமுறைக் கருவி என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஏதோ இந்த இருபது வருசத்தில் வானத்திலிருந்து இறங்கிய வரம் போலத்தான் பேச்சு. கடத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. நிலத்தைப் படமாகவும் கணக்காகவும் மாற்றி அதை வியாபாரக் கருவியாக்கும் காரியம் இந்தச் செம்மண் கொல்லைகளில்தான், 1792இல் தொடங்கி, ஒரு வியாபாரக் கம்பெனியால் பெரிய அளவில் ஒத்திகை பார்க்கப்பட்டது. அந்தக் கம்பெனியின் பெயர் கிழக்கிந்தியக் கம்பெனி. இந்த வரலாற்றை விட்டுவிட்டு மென்பொருளைப் பற்றிப் பேசுவது, முதலாளி யாரென்று கேட்காமல் மிசினைப் புகழ்வது மாதிரி.

வரைபடம் அடிப்படையில் அந்த இடத்தில் இல்லாதவனுக்கான கருவி. தன் கொல்லைக்குப் போக எவனுக்கும் படம் தேவையில்லை. லண்டனில் இருந்துகொண்டு தருமபுரியில் வரி போடுகிறவனுக்கு, மும்பையில் இருந்துகொண்டு பயிர்க் காப்பீட்டுக்குப் பிரீமியம் வாங்குகிறவனுக்கு, சேலத்திலிருந்து மனை போட வருகிறவனுக்குத்தான் அது தேவை. இதில் பாவம் புண்ணியம் ஒன்றுமில்லை. ஆனால் இல்லாதவனின் கண், இருப்பவனின் வாயைவிட அதிக மதிப்புள்ள சாட்சியாக எப்போது மாறியது, எப்படி மாறியது என்பது நாம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

கடத்தூர் தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் ஒரு பேரூர். வெற்றிலைக்குப் பேர் போன சந்தை உண்டு. சுற்றிலும் மானாவாரிக் கொல்லைகள், கிணறுகள், மாந்தோப்புகள், புளியமரங்கள், மரவள்ளி. போர் போடும் லாரியின் ஏஜெண்டு ஒருவர் ஒரு பெரியவரின் கொல்லை வரப்பில் நின்று கைப்பேசியில் படத்தை விரித்துக் காட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "ஐயா, இங்க பாருங்க, மேக்கால ஓடைக்கு நேரா கோடு மாதிரி தெரியுதில்ல? பாறையில வெடிப்பு. அங்க எறக்குனா தண்ணி நிச்சயம்." பெரியவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "ஓடை போறது எனக்குத் தெரியாதா தம்பி? நாப்பது வருசமா அதுலதான் மாடு கழுவறேன். எந்த எடத்துல ஈரம் காயாதுன்னு என்னக் கேளு." ஏஜெண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கமிசன் எதற்கு என்ற கேள்வி வந்துவிடும். பெரியவரிடம் இருந்தபோது சும்மா 'அனுபவம்' என்று இருந்த ஒன்று, படத்தின் வழியாகத் திரும்பி வரும்போது விலையுள்ள 'தகவல்' ஆகிவிட்டது. அவருக்கே அதை விற்கவும் முடிகிறது.

அளவைக்கு முந்தைய காலத்தைப் பொற்காலமாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அப்போது நிலத்தின் அளவு விதைப்பாடு. இத்தனை வள்ளம் விதைக்கும் கொல்லை என்பார்கள். நல்ல மண்ணில் ஒரு அளவு, கரட்டு மேட்டில் இன்னொரு அளவு. எல்லை என்பது ஒரு பனை, ஒரு புற்று, ஒரு ஓடை வளைவு. யாருக்கு எவ்வளவு என்பது கர்ணத்தின் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கு வெளியே வராது. கர்ணம் எந்தச் சாதி, சேரிக்காரர்கள் உழுத நிலம் அவர் கணக்கில் யார் பேரில் ஏறியது என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு முரணைக் கவனியுங்கள். எல்லைத் தகராறு வந்தால், தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து எல்லையை நடந்து காட்டச் சொன்னது பறையரைத்தான் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. நிலம் மறுக்கப்பட்டவரின் காலடிதான் நிலத்தின் எல்லைக்கு இறுதிச் சாட்சி. சொத்து இல்லை, ஆனால் ஊரின் முழு வரைபடமும் அவர் உடம்பில் இருந்தது. நமது நில வரலாறுகளில் இந்த இடம் போதுமான அளவு எழுதப்படவில்லை.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. கார்ன்வாலிஸ் சென்னையின் சிவில் அதிகாரிகளை நம்பவில்லை. அவர்களுக்கு ஊர் மொழி தெரியாது, கை சுத்தமும் போதாது. எனவே கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை நிர்வாகத்துக்கு அனுப்பினார். உதவிக்கு மூன்று பேர்: மன்றோ, மக்லியோட், கிரஹாம். மூவரும் சிப்பாய் உத்தியோகஸ்தர்கள். தாமஸ் மன்றோ ஏழு வருசம் இந்தப் பகுதியில், தருமபுரியை இருப்பிடமாகக் கொண்டு வேலை பார்த்தார். பின்னால் 1820இல் சென்னை கவர்னரானது இதே மன்றோதான்.

இவர்கள் செய்த காரியம் எளிமையாகச் சொன்னால் இது: ஒவ்வொரு வயலையும் தனித்தனியாக அளப்பது, மண்ணைத் தரம் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் தீர்வை விதிப்பது, உழுபவரின் பெயரில் எழுதுவது. ரயத்துவாரி என்று பிற்பாடு பாடப்புத்தகங்களில் ஏறிய முறை இங்கேதான் வயல் வயலாகச் சோதிக்கப்பட்டது. அவர்களுடைய முதல் எதிரி கர்ணத்தின் ரகசியம். கர்ணம் சொல்லாமலே நிலத்தை அறியவேண்டும், அதுதான் நோக்கம். இந்த ஒரு விசயத்தில் ரீடின் சங்கிலி முற்போக்கானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கர்ணத்திடமிருந்து பிடுங்கிய அறிவு உழுபவனின் கைக்கு வரவில்லை, கச்சேரிக்குப் போனது. அங்கிருந்து எண்களாகக் கப்பல் ஏறியது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ரீட் 1799இல் போன பிறகு, 1802க்குப் பின் கம்பெனி வங்காளத்து ஜமீன்தாரி முறையை இங்கே கொண்டுவந்து திணித்தது. வயல் வயலாக அளந்த ஊர்களை மூட்டை கட்டி, 'மிட்டா' என்று பெயர் வைத்து, ஏலம் விட்டது. அளவைக் கணக்கு கையில் இல்லாமல் ஏலச் சரக்குக்கு விலை போட்டிருக்க முடியாது. உழுபவனை நேராகப் பார்ப்பதற்காக என்று சொல்லிச் செய்த அளவை, உழுபவனோடு சேர்த்து ஊரை விற்பதற்கு உதவியது. கருவி ஒன்றுதான், முதலாளியின் தேவைதான் மாறியது. மிட்டாக்களில் பல சீக்கிரமே நொடித்துப்போயின. மிச்சமிருந்தவை 1948ஆம் வருச எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் 'மிட்டாதாரர்' இன்னும் சாகவில்லை.

இது தனி நிகழ்வு இல்லை. ஜேம்ஸ் ரென்னலை 1767இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளராக நியமித்ததும் கம்பெனிதான். ஆறுகளும் சாலைகளும் அதற்குச் சரக்குப் பாதைகள். 1802 ஏப்ரலில் லாம்ப்டன் சென்னைக்கு அருகே பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையும் 1804இல் பெங்களூர் அடிக்கோட்டை எட்டியது. இவர்கள் படத்தில் மலையுச்சியும் கோட்டையும் இருந்தன, கொல்லை இல்லை. கொல்லையை அளந்தது ரீடின் வழிவந்த வருவாய் அளவை. இந்த இரண்டு பார்வைகளும், மேலிருந்து பார்ப்பதும் வரப்போடு நடப்பதும், நூற்று எண்பது வருசம் தனித்தனி இலாகாக்களாக இருந்தன. செயற்கைக்கோள்தான் இரண்டையும் ஒரே திரையில் கொண்டுவந்து போட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். வரைபடமும் அதிகாரமும் பற்றி நம் இலக்கிய நண்பர்கள் பேசும்போது ஃபூக்கோ என்று இரண்டு தரம் சொன்னால் படம் தானாகக் கட்டுடைந்து விழுந்துவிடும் என்று நம்புகிறார்கள். 1989இல் 'வரைபடத்தைக் கட்டுடைத்தல்' என்ற கட்டுரையை எழுதிய ஜே.பி. ஹார்லி, வரைபடத்தின் மௌனங்களை வாசிக்கச் சொன்னார். அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே ஒரு மனுநீதி நாளில் போய் நின்று பாருங்கள். வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது பட்டா. தன்னைப் படத்தில் சேர்க்கச் சொல்லி அரசிடம் மன்றாடும் மக்களிடம் போய், படம் என்பது அதிகாரத்தின் சொல்லாடல் என்று சொல்வது வெறும் வாய்ச்சவடால். படத்தில் இல்லாதவன் புறம்போக்கில் இருப்பவன், அவனை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். அவனுக்குக் கட்டுடைத்தல் என்றால் ஜே.சி.பி.தான்.

சரி, வானத்துக்கு வருவோம். மேலிருந்து படமெடுத்தது முதலில் உளவுக்காக. அமெரிக்காவின் 'கொரோனா' உளவுக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் 1995இல்தான் பொதுவெளிக்கு வந்தன. சிவில் பயன்பாட்டுக்கான முதல் கோள் லேண்ட்சாட், 1972 ஜூலையில் ஏவப்பட்டது. அதே 1972இல் சோவியத் யூனியன் தன் கோதுமை பொய்த்ததைச் சொல்லாமல் அமெரிக்கத் தானியத்தை மலிவு விலைக்கு ஏராளமாக வாங்கிவிட்டது. விழித்துக்கொண்ட அமெரிக்கா 1974 முதல் லேண்ட்சாட் படங்களைக் கொண்டு பிறநாட்டுக் கோதுமை விளைச்சலைக் கணிக்கும் பெரிய திட்டம் ஒன்றை நடத்தியது. 1977இல் சோவியத் விளைச்சல் குறையப்போவதை முன்கூட்டியே சொன்னது. விளைவிக்கிறவனுக்கு முன்பே விளைச்சலைத் தெரிந்துகொள்வது, இதைவிட வெளிப்படையான வியாபாரக் கருவி வேறென்ன இருக்கிறது? மண்டி வியாபாரி பூப்பிடிக்கும்போதே மாந்தோப்பைக் கண்ணால் அளந்து குத்தகை பேசுகிறாரே, அதே வித்தைதான், கொஞ்சம் உயரத்திலிருந்து.

1980களின் மத்தியில் ரீகன் அரசு லேண்ட்சாட்டைத் தனியார் கம்பெனியிடம் கொடுத்தது. ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. எண்ணெய்க் கம்பெனி வாங்கலாம், சுரங்கக் கம்பெனி வாங்கலாம், ஏழை நாட்டுப் பல்கலைக்கழகம் வாங்க முடியாது. இது ஓடவில்லை, கடைசியில் 2008இல் முழுச் சேகரிப்பையும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மக்கள் பணத்தில் எடுத்த படத்துக்கு மக்கள் மறுபடி விலை கொடுத்த அந்தக் காலத்தை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

இந்தியா 1988 மார்ச் 17இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ கோளை அனுப்பியது. அதன் ஒரு கேமராவில் ஒரு புள்ளி என்பது தரையில் 72.5 மீட்டர் சதுரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 130 செண்ட். எங்கள் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவரின் மொத்தக் கொல்லை, கிணறு, களம், இரண்டு புளியமரம், அண்ணன் தம்பி தகராறு எல்லாம் ஒரே புள்ளிக்குள் அடக்கம். பக்கத்துக்காரர் கொல்லையின் நிறமும் அதில் கலந்திருக்கும். 2005இல் போன கார்ட்டோசாட்-1இல் அந்தப் புள்ளி 2.5 மீட்டராகச் சுருங்கியது. இப்போது மரம் தனியாகத் தெரிந்தது. அதே 2005 ஜூனில் கூகுள் எர்த் வந்தது. அதன் மூல மென்பொருளைச் செய்த கம்பெனியின் பெயர் 'கீஹோல்', சாவித் துவாரம். அமெரிக்க உளவுக்கோள் வரிசையின் பெயர். சி.ஐ.ஏ. சார்ந்த முதலீட்டு நிறுவனம் 2003இல் அதில் பணம் போட்டிருந்தது. பெயரை ஒளிக்கக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை.

2005 அக்டோபரில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இந்தப் படங்களால் பாதுகாப்புக்கு ஆபத்து என்று எச்சரித்தார். ராணுவ முகாம், அணு உலை என்பதே கவலை. 2009 ஆகஸ்டில் இஸ்ரோ தன்னுடைய 'புவன்' தளத்தைத் திறந்தது. 2016இல், அனுமதியில்லாமல் வரைபடத் தகவல் சேர்ப்பவருக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்று ஒரு மசோதா வரைவு வந்து, எதிர்ப்பில் அடங்கியது. ஐந்தே வருசத்தில், 2021 பிப்ரவரியில், இந்தியக் கம்பெனிகள் எவ்வளவு துல்லியமாகவும் அளக்கலாம், முன்னனுமதி தேவையில்லை என்று நேர் எதிராகத் திரும்பினார்கள். அரசின் பயமும் தாராளமும் இரண்டுமே நிலத்தில் இருப்பவனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தன் கொல்லையைப் பற்றிய தகவலை யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்று அவனுக்குச் சொல்ல எந்தக் கொள்கையிலும் ஒரு வரி கிடையாது.

திரும்பவும் அந்தப் போர் லாரி. வரட்டுப் பாறை நாட்டில் தண்ணீர் இருப்பது பாறை வெடிப்புகளில். அந்த வெடிப்புகள் மேலிருந்து பார்த்தால் நீண்ட கோடுகளாகத் தெரியும் என்பது உண்மை. 1986இல் தொடங்கிய தேசியக் குடிநீர் இயக்கத்துக்காக விண்வெளித் துறை மாவட்டவாரியாக நிலத்தடி நீர் வரைபடங்கள் தயாரித்தது, நல்ல வேலைதான். ஆனால் குடிநீருக்காக உண்டான அந்த அறிவு, திருச்செங்கோட்டு ரிக்குகளோடு ஊர் ஊராகப் போய், யார் ஆயிரம் அடி இறக்கப் பணம் வைத்திருக்கிறாரோ அவருக்கான போட்டிக் கருவியாகிவிட்டது. பக்கத்துக் கிணறு வற்றுவது எந்தப் படத்திலும் செலவாக ஏறுவதில்லை. இன்னொன்று: தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். இங்கே பிள்ளைகளின் பல்லில் காவி படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. வெடிப்பைக் காட்டும் கோளுக்கு அந்தத் தண்ணீரில் இருப்பது தெரியாது. அது தெரிய ஒருவர் கிராமத்துக்கு வந்து, பிள்ளையை வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும்.

பயிர்க் காப்பீடும் இதே கதை. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முக்கியப் பயிர்களுக்கு இழப்பு தனிக் கொல்லைக்குக் கணக்கிடப்படுவதில்லை, ஊருக்கோ பிர்க்காவுக்கோ சராசரி போடுகிறார்கள். உன் புள்ளி தெளிவாகத் தெரிகிறது, ஆனால் உனக்குப் பணம் தருவதற்கு மட்டும் நீ மறுபடி சராசரிக்குள் கரைந்துவிடுகிறாய். கடன் வசூலுக்கு வருகிறவர் சராசரி வீட்டைத் தேடி வருவதில்லை.

சாட்சி பற்றிய கேள்வி மிகக் கூர்மையாக எழுவது காட்டு ஓரத்தில். கடத்தூரிலிருந்து கிழக்கே அரூர் தாண்டினால் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20இல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அங்கே நுழைந்து செய்த கொடுமைகளுக்கு 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த வழக்கு சந்தனக் கட்டையில் தொடங்கியது. ஆனால் மலையாளிப் பழங்குடிகளைத் தம் சொந்த மண்ணில் திருடர்களாக்கிய கோடு 1882ஆம் வருச மதராஸ் வனச்சட்டத்திலிருந்து வருகிறது. வனம் எது, ஊர் எது என்று பிரித்தது ஒரு வரைபடம்.

2006 வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து உழுபவருக்கு உரிமை உண்டு என்றது. குஜராத்தில் செயற்கைக்கோள் படத்தில் உழவு தெரியவில்லை என்று சொல்லி ஏராளமான மனுக்களைத் தள்ளினார்கள். மரங்களுக்கிடையே சின்னதாக உழுத நிலம் மேலிருந்து பார்த்தால் காடுதான். 2012இல் விதிகளைத் திருத்தி, செயற்கைக்கோள் படம் பிற சான்றுகளுக்குத் துணையாகலாம், அவற்றுக்கு மாற்றாகாது என்று சேர்த்தார்கள். பெரியவர்களின் வாய்மொழியும், பழைய கல்லறையும், கிணறும் சான்றாகும். குடத்தைத் தலையில் வைத்து எல்லை நடந்தவரின் காலடி, இருநூறு வருசம் கழித்துச் சட்டப் புத்தகத்தில் ஒரு மூலையில் மறுபடி இடம் பிடித்தது என்று நான் இதை வாசிக்கிறேன். நர்மதா மாவட்டத்தில் ஆர்ச் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி போனது. கிராமத்தாரே ஜி.பி.எஸ். கருவியோடு தம் வயலைச் சுற்றி நடந்து, அந்த அளவை அதே செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திக் காட்டினார்கள். 2013இல் குஜராத் உயர்நீதிமன்றம் மனுக்களை மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. இருந்தும் 2019 பிப்ரவரி 13இல் உச்சநீதிமன்றம், நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படியும், ஆக்கிரமிப்பைச் செயற்கைக்கோள் மூலம் அளந்து தாக்கல் செய்யும்படியும் உத்தரவிட்டது. நாடெங்கும் கொதிப்பு எழ, இரண்டு வாரத்தில் அதை நிறுத்திவைத்தார்கள்.

பஞ்சமி நிலத்திலும் படத்தின் எல்லை தெரிகிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையால் தலித்துகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் இன்று யார் மதில் கட்டியிருக்கிறார் என்பதைக் கோள் துல்லியமாகக் காட்டும். ஆனால் அந்த நிலம் 'டி.சி.' என்பது பழைய அ-பதிவேட்டில்தான் இருக்கிறது. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். கணக்குத் திருத்தத்தில் எத்தனையோ பெயர் மாறிப்போனது ஊரறிந்த விசயம். 1994இல் காரணையில் இந்த நிலத்துக்காகப் போராடி ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக்குப் பலியானபோது அவர்கள் கையிலிருந்தது காகிதம். இன்று அந்தப் பதிவேட்டையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க விலை கொடுக்கவேண்டியதில்லை. கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் 2002 முதல் இலவசம். மனை போடுபவரின் ஆபீசில் நடக்கும் அதே வேலையைச் சங்க அலுவலகத்திலும் செய்யலாம். வியாபாரிகள் செய்கிறார்கள், நாம் மேடை போடுகிறோம்.

எங்கள் பக்கத்தில் நண்பர்கள் சிலர் திறந்தநிலை வரைபடம் ஒன்றில் தெருப் பெயர்களைச் சேர்க்க உட்கார்ந்தோம். கடைகளும் பெட்ரோல் பங்கும் வியாபார வரைபடங்களில் ஏற்கெனவே பெயரோடு இருக்கின்றன, அவரவர் பதிவு செய்துகொண்டார்கள். சேரித் தெருக்கள் பெயரில்லாத சாம்பல் கோடுகள். என்ன பெயர் எழுதுவது? அரசுப் பதிவில் 'காலனி' என்றிருந்தது. அந்தச் சொல்லைப் பதிவேடுகளிலிருந்து எடுப்பதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊர்க்காரர்கள் வாயில் அது வேறொரு சாதிப் பெயர். தெருவுக்குள் போய்க் கேட்டால் இளைஞர்கள் அம்பேத்கர் நகர் என்றார்கள். ஒரு கிழவி மட்டும், "எழுதறவன் கையில தானடா இருக்குது, கிணத்தையும் போடு, அது எங்க கிணறு" என்றார். அந்தக் கிணறு எந்தப் புலப்படத்திலும் இல்லை. மூடி முப்பது வருசம் ஆகிறதாம். மேலே செடி முளைத்திருக்கிறது, படத்தில் பச்சையாகத்தான் தெரிகிறது. இடத்தைக் கிழவியே நடந்து காட்டினார், அந்தப் புள்ளியில் கிணறு என்று எழுதி வைத்திருக்கிறோம்.